சவரி ஸ்டெப்

பிடியுங்கள் தம்பி, பிடியுங்கள், ஷீல்டு உங்கள் பக்கம் சாய்கிறது. கண்ணாடி. உடைந்தால் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, உங்கள் காலில் குத்திவிடும். ஒரு முனையை உங்கள் முழங்காலில் வைத்துக்கொள்ளுங்கள். தூத்துக்குடி வரைக்கும்தானே. ஏறும்போதே கண்டக்டர் சொல்லிவிட்டார், "பெருசு, இத மேல வைக்க முடியாது, மடியிலதான் வச்சுக்கிடணும்" என்று. பெருசு. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் மேடையில் என்னை 'டென்னிஸ் சிற்பி' என்றார்கள். இரண்டில் பெருசு பரவாயில்லை. அதில் பொய் இல்லை.

உள்ளே பாருங்கள், தங்க நிறத்தில் ஒரு மட்டை. என்ன மட்டை அது? தெரியவில்லையா? இறகுப்பந்து மட்டை. டென்னிஸ் கோச்சுக்குப் பாராட்டு விழா நடத்தி இறகுப்பந்து மட்டையைக் கொடுத்து அனுப்புகிறார்கள். பிரின்சிபால் அதை என் கையில் கொடுத்துவிட்டு போட்டோவுக்குச் சிரிக்கிறார். நானும் சிரித்தேன். இந்த வித்தியாசம் தெரியாத கல்லூரியில்தான் இருபத்தேழு வருஷம் டென்னிஸ் சொல்லிக்கொடுத்தேன்.

மட்டையை விடுங்கள். கீழே எழுத்தைப் படியுங்கள். 'பல்கலைக்கழகக் கோப்பையைப் பத்தொன்பது முறை வென்று தந்த திரு. ம. சவரிராயன் அவர்களுக்கு.' பத்தொன்பது. எண்பத்து மூன்றிலிருந்து தொண்ணூற்று மூன்று வரை பதினொன்று. தொண்ணூற்று ஐந்திலிருந்து இரண்டாயிரத்து இரண்டு வரை எட்டு. அதற்குப் பிறகு பையன்கள் கையில் செல்போன் வந்தது, அதைப் பற்றிப் பேசுவதற்கில்லை. நடுவில் ஒரு வருஷம் காணவில்லை, கவனித்தீர்களா? தொண்ணூற்று நான்கு. அதுவும் இருந்தால் இருபது. தொடர்ந்து இருபது. அப்படி ஒருவன் இந்தத் தெற்குச் சீமையில் இருந்ததில்லை. ஒரு பந்து, தம்பி. ஒரே ஒரு பந்து. அந்தப் பந்தைத் தொலைத்தவனை இன்றைக்கு மேடையில் என் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தார்கள்.

ஒரு மாதமாக எனக்கு அது ஒன்றுதான் கவலை. விழாவை ஏற்பாடு செய்தவன் ஆல்வின், என் பழைய கேப்டன். செயற்கைத் தரை போடுகிற கம்பெனி வைத்திருக்கிறான். பழைய செம்மண் கோர்ட்டைத் தோண்டி எறிந்துவிட்டு பச்சையும் நீலமுமாகப் பெயின்ட் அடித்த தரை போட்டு, அதற்கு என் பெயரை வைக்கப்போகிறான். பெயர் என்னுடையது, வியாபாரம் அவனுடையது. அழைப்பிதழை அனுப்பியிருந்தான். பார்த்தால் வாழ்த்துரையில் கோமதிநாயகம் பெயர். உடனே போன் பண்ணினேன்.

"ஏல, அவன் பேருதான் கெடச்சுதா ஒனக்கு? எடுத்துரு."

"சார், அடிச்சாச்சு சார். ஐந்நூறு கார்டு."

"அவன் மைக்கப் புடிச்சா என்ன பேசுவான்னு தெரியுமால ஒனக்கு?"

"நல்லாத்தான் சார் பேசுவான்."

ஆல்வினுக்கு என்ன தெரியும்? எனக்குத் தெரியும். முப்பது வருஷமாக நானும் அவனும் ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் ஓய்வுபெற்றுத் தூத்துக்குடிக்குப் போகும்வரை இருந்தது ஒரே ஊரில்.

முதலில் என் முறை என்னவென்று சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். எல்லாரும் பையன்களுக்கு ஃபோர்ஹேண்ட் சொல்லிக்கொடுப்பார்கள், பேக்ஹேண்ட் சொல்லிக்கொடுப்பார்கள். அது யாருக்கும் வரும். நான் ஜெயிக்கச் சொல்லிக்கொடுத்தேன். கோப்பைக்கு ஐந்து ஆட்டம். மூன்று ஜெயித்தால் போதும். அவர்களிடம் சூரன் ஒருவன் இருந்தால், என்னிடம் இருப்பதிலேயே மோசமானவனைக் கொண்டுபோய் அவன் எதிரே நிறுத்துவேன். தோற்றுவிட்டு வா என்பேன். நல்லவர்களை மிச்சம் இருப்பவர்களோடு மோதவிடுவேன். தோற்பதற்கென்றே மூன்று வருஷம் ஒரு பையனை வைத்திருந்தேன். இன்றைக்கு அவனும் வந்திருந்தான், பெண்டாட்டியோடு. "சார், நான் ஒரு தடவயாவது ஜெயிச்சிருக்கேனா சார்? இவ கேக்கா" என்றான். எனக்கு அவன் பெயரே ஞாபகம் வரவில்லை. 'அணி ஜெயித்தது, போ' என்றேன்.

அப்புறம் தண்ணீர். எதிரணி வேகமாக ஓடுகிறவர்கள் என்றால் முந்தின சாயங்காலம் கோர்ட்டில் தண்ணீரைத் தேக்கிவிடுவேன். காலையில் சேறாக இல்லாமல், ஆனால் கால் புதைகிற பதத்தில் இருக்கும். சட்டத்தில் இதற்குத் தடை ஏதாவது உண்டா? இல்லை. பார்த்துவிட்டேன்.

மூன்றாவதுதான் முக்கியம். செம்மண் கோர்ட்டில் பந்து விழுந்தால் தடம் பதியும். ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக, நீள்வட்டமாக. எதிராளி அடித்த பந்து கோட்டோரம் விழுகிறது, அம்பயர் அவுட் என்றுவிடுகிறார். எதிராளி என்ன செய்வான்? தடத்தைப் பாருங்கள் என்பான். அதற்குள் நீ அந்த இடத்தில் ஒரு அடி வைக்கவேண்டும். ஓடக்கூடாது, தேய்க்கக்கூடாது. அடுத்த பந்துக்கு இடம் மாறுகிறவன் மாதிரி, தலையைக் குனியாமல், ஒரே ஒரு அடி. அம்பயர் இறங்கி வந்து பார்க்கும்போது அங்கே பந்துத் தடம் இருக்காது, ஷூ தடம்தான் இருக்கும். இதைப் பையன்களுக்குச் சாக்கட்டியால் கோடு போட்டு, பந்தை வைத்து, ஒரு வாரம் பழக்குவேன். அவர்களே அதற்குப் பெயர் வைத்தார்கள். சவரி ஸ்டெப். இன்றைக்கும் சென்னையில், கோயம்புத்தூரில் எந்தக் கோர்ட்டில் போய்க் கேட்டாலும் சொல்வார்கள். எத்தனை கோச்சுக்குத் தன் பெயரில் ஒரு ஆட்டமுறை இருக்கிறது? இன்று காலை ஒரு காட்சி ஆட்டம் வைத்தார்கள், ஆல்வினும் பிரின்சிபாலும். ஒரு பந்து கோட்டில் விழுந்தது, ஆல்வின் அதன் மேல் நடந்து போனான். பழைய மாணவர்கள் அத்தனை பேரும் எழுந்து நின்று "சவரி ஸ்டெப்! சவரி ஸ்டெப்!" என்று கத்திச் சிரித்தார்கள். பிரின்சிபாலுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வல்லநாடு தாண்டிவிட்டோமா? வெயில் உங்கள் பக்கம் அடித்தால் திரையை இழுத்துவிடுங்கள். திரை இல்லையா? சரி.

கோமதிநாயகம். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து விலங்கியல் படிக்க வந்தவன். பள்ளிக்கூடத்தில் பூப்பந்து ஆடியவன், அதனால் மணிக்கட்டு அப்படியொரு மணிக்கட்டு. டென்னிஸ் மட்டையைக் கண்ணால் பார்த்ததில்லை. நான்தான் கையில் கொடுத்தேன். காலை ஐந்தரைக்கு நான் கோர்ட்டுக்கு வந்தால் எனக்கு முன்னால் வந்து தரையைச் சமப்படுத்துகிற உருளையை இழுத்துக்கொண்டிருப்பான். இரண்டே வருஷத்தில் ஆல்வினைத் தோற்கடித்தான். என்னுடைய பத்தொன்பது அணியிலும் அவன் மாதிரி ஒருவன் இல்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, நீங்கள் பஸ்ஸில் வந்ததால் சொல்கிறேன்.

ஒரே ஒரு கோளாறு. தடத்தை மிதிக்க மாட்டான்.

"ஏல, மிதிச்சிட்டுப் போயேம்ல!"

"மிதிச்சா அழிஞ்சிரும்லா சார்."

"அழியத்தாம்ல மிதிக்கச் சொல்லுதேன்!"

சிரிப்பான். வாசலில் கோலத்தைத் தாண்டுகிற மாதிரி தாண்டிப் போவான். திமிர். பயல் என்னை எதிர்த்துப் பேசியதே இல்லை. அதுதான் திமிர் என்கிறேன்.

தொண்ணூற்று நான்கு இறுதி ஆட்டம் எங்கள் கோர்ட்டிலேயே. மதுரை அணி. அணிக்கு இரண்டு ஆட்டம் ஜெயித்தாயிற்று, கடைசி ஆட்டத்தில் கோமதிநாயகம். அவன் கையில் மேட்ச் பாயிண்ட், இன்னும் ஒரே பாயிண்ட் எடுத்தால் கோப்பை. அம்பயர் யார் தெரியுமா? ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர், மத்தியானம் எங்கள் மெஸ்ஸில் ஆட்டுக்கறி சாப்பிட்டவர். எதிராளி ஓங்கி ஒரு அடி அடித்தான். பந்து பேஸ்லைனில் விழுந்து பின்னால் போயிற்று. அம்பயர் "அவுட்!" என்றார். முடிந்தது. ஆல்வினும் மற்ற பையன்களும் உள்ளே ஓடிவிட்டார்கள், இவனைத் தூக்குவதற்கு. கோப்பை மேசையின் மேல் இருக்கிறது. பிரின்சிபால் எழுந்து வேட்டியைச் சரிசெய்கிறார், அப்போது வேட்டி கட்டின பிரின்சிபால். பன்னிரண்டாவது கோப்பை, தம்பி.

இவன் கையைத் தூக்கவில்லை. குனிந்தான். மட்டை நுனியால் பந்துத் தடத்தைச் சுற்றி மண்ணில் ஒரு வட்டம் போட்டான்.

"சார், பந்து உள்ள."

அம்பயருக்கு விளங்கவில்லை. "என்னது?"

"கோட்டுல விழுந்திருக்கு சார். பாயிண்ட் அவங்களுக்கு."

"ஏம்ப்பா, நான்தான அம்பயர்?"

"ஆமா சார். ஆனா பந்து உள்ளதான சார் விழுந்திருக்கு."

அம்பயர் என்னைப் பார்த்தார். நான் இவனைப் பார்த்தேன். இவன் மண்ணைப் பார்த்தான். தூக்க ஓடிவந்த பையன்கள் நின்ற இடத்தில் நின்றார்கள். அம்பயர் என்ன செய்வார்? பாயிண்டை அவர்களுக்குக் கொடுத்தார். அப்புறம் இருபது நிமிஷம் ஆடினான், தோற்றான். மதுரைப் பையன் வலையைத் தாண்டி ஓடிவந்து இவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். சுற்றி நின்ற ஜனம் கைதட்டியது, எங்கள் கோர்ட்டில், எங்கள் ஜனம். மறுநாள் பேப்பரில் யார் படம் என்கிறீர்கள்? கோப்பை வாங்கினவன் படமா? இவன் படம். தோற்றவன் படத்தைப் போடுகிற நாட்டில் யார் ஜெயிப்பான்?

நான் அவனை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதை நீங்கள் கவனிக்கவேண்டும். அடுத்த நாள் காலையும் வந்து உருளையை இழுத்தான். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு மாதம் கழித்து ஒரு படிவத்தோடு வந்தான். ரயில்வேயில் விளையாட்டுக்காரர்களுக்கு வேலை. கோச் சான்றிதழில் கையெழுத்துப் போடவேண்டும். அதுவரை நான் பதினேழு பேருக்குப் போட்டிருக்கிறேன், பதினேழு பேரும் வேலையில் சேர்ந்தார்கள்.

"என்ன போட்டிருக்கு, படி" என்றேன்.

"சிறந்த ஆட்டக்காரர் எனச் சான்றளிக்கிறேன்னு போட்டிருக்கு சார்."

"நீ சிறந்த ஆட்டக்காரனால?"

படிவத்தை என் முன்னால் வைத்தான்.

"சொல்லுல. கோட்டுல விழுந்ததெல்லாம் ஒனக்குத் தெரியுதுல்லா, இதையும் நீயே சொல்லு."

"இல்ல சார்" என்றான்.

அவனே அவுட் சொல்லிவிட்டான், நான் என்ன செய்யமுடியும்? படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மறுநாள் அவன் அப்பா வந்து கோர்ட் கேட்டுக்கு வெளியே குடையோடு நின்றார். 'பிராக்டிஸ் முடியட்டும்' என்றேன். முடிந்ததும் பார்த்தேன், ஆளைக் காணோம். காத்திருக்கக்கூடப் பொறுமை இல்லாத குடும்பம்.

இப்போது ஸ்டேடியம் பக்கத்தில் சின்னக் கடை வைத்திருக்கிறான். மட்டைகளுக்கு நரம்பு கட்டுகிறான். கல்லூரி மட்டைகள் எல்லாம் அவனிடம்தான் போகும். நான் போனதில்லை, பையன்களிடம் கொடுத்துவிடுவேன். வேலையில் குறை சொல்லமுடியாது. என்னுடைய மட்டையைக் கொடுத்தால் அதை மட்டும் கைப்பிடிக்குப் புது டேப் சுற்றி அனுப்புவான். கேட்டேனா? கேட்கவில்லை.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. அந்த இறுதி ஆட்டம் முடிந்த சாயங்காலம் எல்லாரும் போன பிறகு நான் கோர்ட்டுக்குப் போனேன். வலையை அவிழ்க்க வேண்டும், அதற்காக. வட்டம் அப்படியே இருந்தது. ஆடின இரண்டு பேரும் சேர்த்து, அன்றைக்குக் கோர்ட்டுக்குள் வந்த நாற்பது பேரில் ஒருவன்கூட அதை மிதித்திருக்கவில்லை, எல்லாரும் அதைச் சுற்றியே நடந்திருந்தார்கள். குனிந்து பார்த்தேன். சுண்ணாம்புக் கோடு அரை அங்குலத்துக்குப் பிய்ந்திருந்தது. வெள்ளைப் பொடி தடத்துக்குள்ளேயே சிதறிக் கிடந்தது. அப்போது எனக்குக் கண்ணாடி கிடையாது, கண் கழுகு மாதிரி. பார்த்துவிட்டு ஒரு அடி வைத்தேன். பழக்கம்தான். அப்புறம் வலையை அவிழ்த்தேன்.

என்ன தம்பி, அப்படிப் பார்க்கிறீர்கள்? பந்து எங்கே விழுந்தால் என்ன? அம்பயர் அவுட் என்றால் அவுட். அதற்குத்தானே அவனை உயரமான நாற்காலியில் உட்காரவைத்திருக்கிறது.

சரி, இன்றைக்கு நடந்ததைக் கேளுங்கள். வரிசையாக எல்லாரும் பேசினார்கள். ஆல்வின் அழுதான், அவன் தரை விற்கும்போதும் அழுவான். பிறகு கோமதிநாயகத்தைக் கூப்பிட்டார்கள். தலை நரைத்துவிட்டது. விரல் நுனியெல்லாம் நரம்பு அறுத்த காய்ப்பு. எனக்குப் பயம்தான், ஒத்துக்கொள்கிறேன். மேடை, மைக், முந்நூறு பேர், முன்வரிசையில் பேப்பர்காரர்கள். அந்தச் சான்றிதழைச் சொல்லலாம். அவன் அப்பா குடையோடு நின்றதைச் சொல்லலாம். அந்தத் தடத்தைச் சொல்லலாம், மதுரைப் பையன் எங்கேயோ ஜட்ஜாக இருக்கிறானாம், அவனே சாட்சி சொல்வான். நான் என்ன பதில் சொல்வது என்று ஒரு மாதமாக எழுதி, மனப்பாடம் பண்ணி வைத்திருந்தேன். சட்டைப் பையில் காகிதம்கூட இருந்தது.

மைக்கைத் தட்டிப் பார்த்தான். அப்புறம் சொன்னான்:

"எல்லாருக்கும் வணக்கம். எனக்குப் பேச வராது. தொண்ணூத்தி நாலு ஃபைனல்ல ஒரு பந்து. உள்ள விழுந்துச்சுன்னு நான் சொன்னேன். அதுல சாருக்கு என்மேல வருத்தம். முப்பது வருசமா யோசிச்சுப் பாத்துட்டேன். என் கண்ணுதான் தப்பு. அது அவுட்டு. சாருக்கு இன்னைக்கு இருவதுன்னு இருக்கணும். பத்தொம்பதுன்னு இருக்கதுக்கு நான்தான் காரணம். மன்னிச்சிருங்க சார்."

அவ்வளவுதான். வந்து உட்கார்ந்துவிட்டான். மூக்கைத் துடைத்தான்.

ஜனம் எழுந்து நின்று தட்டியது. இவனுக்கு எப்போதும் கைதட்டு கிடைக்கும், தோற்றாலும் கிடைக்கும், மன்னிப்புக் கேட்டாலும் கிடைக்கும். நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பொய், தம்பி. அப்பட்டமான பொய். அந்தப் பந்து எங்கே விழுந்தது என்று உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் நிச்சயமாகத் தெரியும், இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில். மூன்று வருஷம் தொண்டை கிழியக் கத்தியும் கற்றுக்கொள்ளாததை முப்பது வருஷம் கழித்து மேடையில் செய்துகாட்டுகிறான். தலையைக் குனியாமல், அவசரப்படாமல், ஒரே அடி. தடம் போயே போச்சு. ஆல்வினால்கூட அவ்வளவு சுத்தமாகச் செய்யமுடியாது. ஆனால் எதற்காக? கோப்பை எங்கே இருக்கிறது அங்கே? ஜெயிக்க ஒன்றும் இல்லாத இடத்தில் போய் அதைச் செய்கிறவனை என்னவென்று சொல்வது? அன்றைக்குச் செய்திருந்தால் ரயில்வேயில் சேர்ந்து இந்நேரம் பெரிய பதவியில் இருந்திருப்பான். மடையன். அன்றைக்கும் மடையன், இன்றைக்கும் மடையன்.

ஏற்புரைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். எழுந்தேன். பையிலிருந்த காகிதம் எதற்கும் உதவாது, அது வேறு கேள்விக்கு எழுதிய பதில். முந்நூறு முகமும் என்னையே பார்க்கிறது. "கோமதிநாயகம் இப்பவாவது ஒத்துக்கிட்டான், சந்தோஷம்" என்றேன். "நான் அவன அப்பவே மன்னிச்சிட்டேன்" என்றேன். அதற்குக் கிடைத்த கைதட்டு இருக்கிறதே, அவனுக்குக் கிடைத்ததைவிட அதிகம். ஆல்வினிடம் கேட்டால் சொல்வான்.

கோமதிநாயகம் தட்டவில்லை. இல்லை, தட்டினான், நான் பார்த்தபோது தட்டிக்கொண்டுதான் இருந்தான்.

சாப்பாடு முடிந்து பார்த்தால் காரைக் காணோம். தூத்துக்குடி வரைக்கும் காரில் கொண்டுவிடுவதாகச் சொல்லித்தான் அழைத்தார்கள். கார் பிரின்சிபாலோடு போய்விட்டதாம். ஆல்வினையும் காணோம். ஷீல்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மரத்தடியில் நிற்கிறேன். கோமதிநாயகம் வந்தான். "வாங்க சார், பஸ் ஸ்டாண்டுல விட்டுருதேன்" என்றான். ஷீல்டை வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

அவன் வண்டி கோர்ட்டுக்கு அந்தப் பக்கம் நின்றது. கோர்ட்டின் குறுக்கே நடந்தோம். நாளைக் காலையில் ஜேசிபி வருகிறது. அப்புறம் அந்தப் பெயின்ட் தரைதான். அதில் பந்து விழுந்தால் ஒரு தடமும் இருக்காது.

"ஏல, எதுக்குல அப்படிச் சொன்ன?" என்றேன்.

"எப்படி சார்?"

"அவுட்டுன்னு."

"அவுட்டுதான சார்."

"நீதான வட்டம் போட்ட?"

"சின்ன வயசுலா சார் அப்ப" என்றான். முகத்தைப் பார்த்தேன். ஒரு சலனம் இல்லை. இப்படிப்பட்ட முகத்தை வைத்துக்கொண்டு இவன் அன்றைக்கு என்னவெல்லாம் ஜெயித்திருக்கலாம்.

"வெயிலா இருக்கு சார், நில்லுங்க, வண்டிய எடுத்தாறேன்" என்று முன்னால் போய்விட்டான். ஷீல்டை வேலியில் சாய்த்துவிட்டு அவன் வண்டியை உதைக்கிற சத்தம் கேட்டது. மூன்று உதை, நாலு உதை, கிளம்பவில்லை. சரி, நாமே போவோம் என்று நடந்தேன். பேஸ்லைன் ஓரத்தில், காலையில் விழுந்த பந்தின் தடம் ஒன்று இருந்தது. சுண்ணாம்பில் பாதி, மண்ணில் பாதி. எப்படியோ யார் காலும் படவில்லை. நான் அதைச் சுற்றி இந்தப் பக்கமாக வந்து, வண்டியில் ஏறி உட்கார்ந்தேன்.